செராம்பூரில் ஒரு வாரம்: 1800 டிசம்பர் 22 முதல் 28 வரை

சென்ற மாதம் ஆய்வின் பொருட்டு மீண்டும் செராம்பூர் செல்ல நேர்ந்தது. ஹூக்ளியின் மேற்குக் கரையில், பாரக்பூருக்கு நேர் எதிரே அமைந்த இச்சிறு நகரை வில்லியம் கேரியின் ஊர் என்றே பலரும் அறிவர். ஆயினும் ஆற்றுப்படியில் நின்றபோது என் நினைவில் இருந்தவர் கேரி அல்லர். அவருடைய அச்சர் வில்லியம் வார்ட். இந்திய மிஷனரி வரலாற்றில் மிகுதியாக எழுதப்பட்ட வாரங்களுள் ஒன்று 1800ஆம் ஆண்டு டிசம்பர் 22 முதல் 28 வரையிலான வாரம். அதைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றில் பெரும்பகுதி வார்டின் நாட்குறிப்பு வழியே வந்ததாகும். அவ்வாரத்தைத் திங்கள் தொடங்கி ஞாயிறு வரை வரிசையாக வாசித்துப் பார்த்தால், சபை வரலாறுகள் முதன்மை தரும் நிகழ்ச்சி ஒன்றாகவும், அக்காலத்து வங்காளிகளைக் கொதித்தெழச் செய்த நிகழ்ச்சி வேறொன்றாகவும் இருப்பது புலப்படும். இப்பதிவு அதைப் பற்றியது. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் வார்ட் யார் என்பது. 1769இல் இங்கிலாந்தின் டார்பி நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, அச்சுத் தொழில் பயின்று, பின்னர் டார்பியிலும் ஹல் நகரிலும் செய்தித்தாள் ஆசிரியராக இருந்தவர். 1793இல் கேரி வங்காளத்துக்குக் கப்பலேறுவதற்கு முன்பு இருவரும் சந்தித்தனர். திருமறையை அச்சிட உங்கள் தொழில் தெரிந்த ஒருவர் எங்களுக்குத் தேவைப்படுவார், பின்னால் வந்து சேருங்கள் என்று கேரி சொன்ன சொல் அவருடைய மனத்தில் தங்கிவிட்டது. 1799இல் மார்ஷ்மன், பிரன்ஸ்டன், கிராண்ட் ஆகியோரின் குடும்பங்களோடு ‘கிரைட்டீரியன்’ என்னும் அமெரிக்கக் கப்பலில் புறப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 13 அன்று செராம்பூரில் இறங்கினார். அப்போது அவருக்கு முப்பது வயது நிறைய ஒரு வாரம் எஞ்சியிருந்தது.

கல்கத்தா இருக்கச் செராம்பூரில் இறங்கியது ஏன் என்று கேட்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பரப்பில் மிஷனரிகளை விரும்பவில்லை. செராம்பூரோ 1755 முதல் டென்மார்க் அரசின் வசம் இருந்தது. ஃபிரெடெரிக்ஸ்நாகோர் என்பது அவர்கள் இட்ட பெயர். நம்முடைய தரங்கம்பாடியும் இதுவும் ஒரே கொடியின் கீழ் இருந்த ஊர்கள். 1845இல் இரண்டையும் சேர்த்தே பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்குக் கம்பெனிக்கு விற்றது டென்மார்க். செராம்பூர் ஆளுநர் கர்னல் ஓலே பீ முன்னர் தரங்கம்பாடியில் இருந்தவர் என்றும், ஸ்வார்ட்ஸ் போதகரிடம் பெருமதிப்புக் கொண்டவர் என்றும் கூறுவர். புதிதாக வந்தவர்களைக் கம்பெனியிடம் ஒப்படைக்க அவர் மறுத்துவிட்டார்.

இங்கே ஒரு சிறு செய்தி. இவர்கள் வந்திறங்கியதைக் கல்கத்தாச் செய்தித்தாள் ஒன்று வெளியிட்டபோது ‘பாப்டிஸ்ட்’ மிஷனரிகள் என்பது ‘பாபிஸ்ட்’ என்று அச்சாகிவிட்டதாம். போப்பைச் சார்ந்த குருமார் என்று பொருள்பட்டு, பிரெஞ்சு ஒற்றர்களாக இருக்கலாம் என்ற ஐயத்தைக் கம்பெனி அதிகாரிகளிடம் அது எழுப்பியது. ஆண்டுக்கணக்கில் மெய்ப்புத் திருத்திய வார்ட், இந்தியாவில் எதிர்கொண்ட முதல் இடையூறுகளுள் ஒன்று ஓர் அச்சுப் பிழை.

கிராண்ட் வந்த மூன்றே வாரத்தில் இறந்தார். 1800 ஜனவரி 10 அன்று கேரி வடவங்காளத்திலிருந்து குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். அதற்கு முன் வந்து அவருக்குத் துணையாயிருந்த ஃபவுண்டன் ஆகஸ்டில் மறைந்தார். இத்தனை இழப்புகளிடையே அவ்வீட்டின் அன்றாட ஒழுங்கு குலையாமல் நடந்தது. அவ்வொழுங்கை வார்ட் 1800இல் எழுதிய கடிதம் ஒன்று விரிவாகச் சொல்கிறது. காலை ஆறு மணியளவில் எழுவர். கேரி தோட்டத்துக்குப் போவார். மார்ஷ்மன் ஏழு மணிக்குப் பள்ளிக்கு. வார்டும் பிரன்ஸ்டனும் கேரியின் மூத்த மகன் ஃபெலிக்ஸும் அச்சுக்கூடத்துக்கு. எட்டு மணிக்கு மணியடித்ததும் கூடத்தில் வழிபாடு, பின்னர் காலை உணவு. அதன்பின் கேரி மொழிபெயர்ப்பிலோ மெய்ப்பு நோக்குவதிலோ அமர்வார். நண்பகலில் சிற்றுணவு, குளியல், சிறிது உறக்கம். மூன்று மணிக்குப் பேருணவு. வேலை முடிந்திருந்தால் மாலையில் வார்ட் வங்காளி மொழி படிப்பார். வியாழன் மாலை தத்தம் ஆன்ம அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம். சனி மாலை, வாரம் முழுதும் தமக்குள் எழுந்த பிணக்குகளைப் பேசித் தீர்த்துக்கொள்ளும் கூட்டம்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தை நான் எப்போதும் வியப்போடு நினைப்பதுண்டு. ஒரே கூரையின் கீழ், பொதுச் சமையல், பொதுப் பணப்பெட்டி என்று வாழ்ந்த பல குடும்பங்களிடையே பிணக்கு வரும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு கிழமையையும் ஒதுக்கிவைத்த நேர்மை எளிதில் காணக்கூடியதன்று.

அச்சுக்கூடத்தின் கணக்கையும் அதே கடிதம் தருகிறது. அச்சுப்பொறி மரத்தாலானது, கேரி வடக்கே இருந்தபோது நீலச்சாயத் தொழில் நடத்திய ஜார்ஜ் உட்னி கல்கத்தாவில் பழையதாக வாங்கிக் கொடுத்தது. பொறியை இயக்க ஐந்து ஆட்கள், தாள் மடிக்க ஒருவர், கட்டுமானத்துக்கு ஒருவர். அச்சுக் கோப்பவர் வேலையை விட்டுச் சென்றுவிட்டதால் அப்பணியைத் தாமே செய்துகொண்டனர். வாரத்துக்கு மூன்று அரைத்தாள்கள், ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் படிகள். வங்காளிப் புதிய ஏற்பாட்டின் முதல் தாள் 1800 மார்ச் 18 அன்று அச்சேறியது. வங்காளி எழுத்துகளைப் பொறுத்தவரை, சார்லஸ் வில்கின்ஸிடம் தொழில் கற்ற கைவினைஞர் பஞ்சானன் கர்மகாரின் பெயரைச் சொல்லாமல் செராம்பூர் அச்சு வரலாற்றை எழுத இயலாது. மொழிபெயர்ப்பில் கேரிக்கு ராம்ராம் பாசு எப்படியோ, அச்சில் வார்டுக்குப் பஞ்சானன் அப்படி. இருவரும் தம் சமயத்தை விட்டு வந்தவர்களல்லர் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

இனி, அவ்வாரத்துக்கு வழிவகுத்த விபத்து. நவம்பர் 25 அன்று கிருஷ்ண பால் என்னும் தச்சர் ஆற்றுக்குக் குளிக்கச் சென்ற இடத்தில் வழுக்கி விழுந்து, தோள்மூட்டு பிசகிவிட்டது. அவருக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தது. சந்திரநாகூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். முன்னர் கோஷ்பாடாவின் கர்த்தாபஜா மார்க்கத்தைப் பின்பற்றியவர். மிஷன் வீட்டில் அப்போது ஜான் தாமஸ் என்னும் மருத்துவர் வந்து தங்கியிருந்தார். கப்பல் மருத்துவராக 1783இல் முதன்முதல் வங்காளம் வந்து, கேரிக்கு முன்பே இம்மண்ணில் சமயப்பணி தொடங்கியவர். கடன்களாலும் மன அலைச்சலாலும் வாடியவர். அத்தனை ஆண்டுகளிலும் ஒருவரைக்கூடத் திருமுழுக்குக்குக் கொண்டுவர இயலாதவர். கிருஷ்ண பாலை ஒரு மரத்தோடு கட்டிவைத்து, கேரியும் மார்ஷ்மனும் துணைநிற்க, தாமஸ் தோளை நேராக்கினார். வலியில் அலறிய மனிதரிடம், உடலைக் குணப்படுத்துவதோடு நிற்காமல் மீட்பைப் பற்றியும் பேசினார். அதன்பின் கிருஷ்ண பால் நாள்தோறும் மிஷன் வீட்டுக்கு வரலானார். கோகுல் என்னும் மற்றொருவரும் உடன் வந்தார். கிருஷ்ண பாலின் மனைவி ராசுவும் மைத்துனி ஜெயமணியும் செவிகொடுத்தனர்.

டிசம்பர் 22, திங்கட்கிழமை நண்பகல். மேலே சொன்ன கால அட்டவணையில் சிற்றுணவுக்கென ஒதுக்கிய அதே வேளை. கேரியும் தாமஸும் முதலில் கிருஷ்ண பாலோடும் கோகுலோடும் வேண்டுதல் செய்தனர். பின்னர் அவ்விருவரும் மிஷனரிகளின் மேசையில் அமர்ந்து, அனைவரும் காண உணவு உண்டனர். வேலையாட்கள் திகைத்து நின்றனர். இந்த மண்ணில் எவரும் கிறிஸ்துவுக்காகச் சாதியை இழக்கத் துணியார் என்று அதுவரை உறுதியாகச் சொல்லி வந்தவர்கள் அவர்கள். வார்ட் அன்று எழுதிய குறிப்பில் வெற்றிப் பெருமிதம் பொங்குகிறது. சாதி என்னும் சங்கிலியின் கண்ணி அறுந்தது, இனி அதை ஒட்டவைப்பவர் யார் என்னும் பொருள்பட எழுதுகிறார். அன்று மாலை கிருஷ்ண பால், கோகுல், ராசு, ஜெயமணி ஆகியோரோடு, பதினைந்து வயது ஃபெலிக்ஸும் சபையார் முன் தம் நம்பிக்கையை எடுத்துரைத்தார்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஓர் ஒப்பீடு உடனே தோன்றும். அதே டென்மார்க் கொடியின் கீழ் இருந்த தரங்கம்பாடியிலும், அதைச் சார்ந்து வளர்ந்த தஞ்சைச் சபையிலும், சாதிப்படி தனித்தனியே அமரும் வழக்கம் கிறிஸ்தவர்களிடையே நெடுங்காலம் நீடித்தது. லுத்தரன் போதகர்களில் பலர் அதைச் சமுதாய வழக்கமாகக் கருதிப் பொறுத்துக்கொண்டனர். செராம்பூர்க்காரர் தொடக்கத்திலேயே எதிர்நிலை எடுத்தனர்: உணவு முதலில், திருமுழுக்கு பின்னர். மேசையில் அமரத் துணியாதவருக்கு ஆற்றில் இடமில்லை. இம்முடிவு சரியா என்பதைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெள்ளையர் மேசையில் உண்பதைச் சாதி ஒழிப்பின் அளவுகோலாகக் கொண்டது, புதிய நம்பிக்கையாளரை அவர்தம் சுற்றத்தாரிடமிருந்து முற்றாக அறுத்தெடுத்தது என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு என்றே நான் கருதுகிறேன். எனினும், தென்னகத்துச் சபைகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தள்ளிப்போட்ட கேள்வியை இவர்கள் முதல் நாளிலேயே எதிர்கொண்டனர் என்பதையும் மறுக்க இயலாது.

செய்தி தீயெனப் பரவியது. இரண்டாயிரம் பேர் அளவுக்குக் கூட்டம் திரண்டு, கிருஷ்ண பாலையும் கோகுலையும் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு டேனிய நீதிபதியிடம் சென்றது. அவர்கள் பறங்கியராகிவிட்டனர் என்பதே குற்றச்சாட்டு. உண்டது குற்றமாகாது என்று நீதிபதி அவர்களை விடுவித்தார். கூட்டம் வேறொரு வழக்கோடு மீண்டது: கிருஷ்ண பால் தம் மகளை, மணம் பேசி முடித்த மாப்பிள்ளைக்குக் கொடுக்க மறுக்கிறார் என்று. பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக அவளை மணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது டேனிய அதிகாரிகளின் முடிவு. கிருஷ்ண பாலின் வீட்டு வாயிலில் ஒரு சிப்பாய் காவலுக்கு நிறுத்தப்பட்டார். திருமுழுக்கின்போதும் வேண்டுமாயின் காவல் தருவதாக ஆளுநர் வாக்களித்தார்.

சபை வரலாறுகள் இந்த வழக்கை இரண்டு வரிகளில் கடந்துவிடும். ஆனால் அவ்வாரத்தின் மிகக் கூர்மையான முனை இதுவே. மாப்பிள்ளை வீட்டாருக்கு அது கொடுத்த வாக்கு; அப்பெண்ணுக்கு அது அவளுடைய வாழ்நாள். அடுத்த ஆண்டே, மூத்த மகள் கோலோக்கை அவளுக்கென நிச்சயித்த மாப்பிள்ளையின் தரப்பினர் பலவந்தமாகக் கல்கத்தாவுக்குக் கொண்டு சென்றனர். செராம்பூரில் டேனிய அதிகாரி கொடுத்த உறுதி ஆற்றைக் கடந்ததும் செல்லாக்காசாயிற்று. தந்தை எடுத்த முடிவின் விலையை மகள் செலுத்த நேர்ந்தது.

வாரத்தின் இடைநாட்களில் அவ்வீட்டுக்குள்ளேயே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பதினேழு ஆண்டுகள் காத்திருந்து முதல் மனிதரைக் கண்ட மகிழ்ச்சியைத் தாமஸின் மனம் தாங்கவில்லை. திங்களன்றே நிலைகொள்ளாதிருந்த அவர், வார இறுதிக்குள் முற்றாக அறிவு கலங்கினார். கட்டுப்படுத்தி வைக்க வேண்டியதாயிற்று. பின்னர் கல்கத்தாவில் மனநோயாளர் விடுதியில் சேர்த்தனர். தேறி வெளிவந்தாலும், 1801 அக்டோபரில் தினாஜ்பூரில் இறந்துபோனார்.

மற்றோர் அறையில் கேரியின் மனைவி டோரதி. கணவரின் கனவை அவர் ஒருபோதும் விரும்பி ஏற்றவரல்லர். திருமணப் பதிவேட்டில் கையெழுத்திடத் தெரியாமல் சிலுவைக் குறி இட்ட சிற்றூர்ப் பெண். 1794இல் மத்னாபாட்டியில் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தபின் அவருடைய மனம் முறிந்தது. செராம்பூருக்கு வந்தபோதே நோய் முற்றியிருந்தது. அவ்வீட்டின் அழகான கால அட்டவணையில் டோரதிக்கென ஒரு வேளையும் குறிக்கப்படவில்லை.

தாய் இந்நிலையில், தந்தை மொழிபெயர்ப்பில். கேரி தம் பிள்ளைகளைக் கண்டிக்கத் தெரியாதவர் என்று உடனிருந்தவர்களே குறைகூறியுள்ளனர். கட்டுக்கடங்காமல் திரிந்த ஃபெலிக்ஸைத் தம்பக்கம் இழுத்து, அச்சுக்கோப்பு கற்பித்து, மனிதராக்கியவர் வார்ட். மார்ஷ்மனின் மனைவி ஹன்னாவுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. பத்து வயதுக்குள் வங்காளத்துக்கு வந்துவிட்டதால் ஃபெலிக்ஸின் நாவில் வங்காளி இயல்பாகப் புழங்கியது. பெரியவர்கள் திணறிய இடத்தில் சிறுவர் சரளமாகப் பேசினார். மணமாகாத வார்டுக்கு அந்த ஆண்டு ஃபெலிக்ஸ் தம்பியும் மாணவரும் ஏறக்குறைய மகனுமாக இருந்தார். எனவே ஞாயிற்றுக்கிழமை வார்டுக்கும் தனிப்பட்ட முறையில் முக்கியமான நாள்.

டிசம்பர் 28, ஞாயிறு. நால்வராக இருந்திருக்க வேண்டிய வங்காளி நம்பிக்கையாளரில் கிருஷ்ண பால் மட்டுமே எஞ்சினார். கூட்டத்தின் சீற்றத்தையும் சுற்றத்தாரின் மன்றாட்டையும் கண்டு கோகுலும் பெண்களும் பின்வாங்கியிருந்தனர். காலையில் ஆங்கில வழிபாட்டில் வார்ட் பிரசங்கித்தார். பின்னர் அனைவரும் மிஷன் வாயிலுக்கு எதிரே உள்ள ஆற்றுப்படிக்குச் சென்றனர். கேரியின் ஒருபுறம் மகன், மறுபுறம் தச்சர். அவர்கள் கடந்துசென்ற வழியின் ஒருபக்கத்து அறையில் தாமஸ் பிதற்றிக்கொண்டிருந்தார். மறுபக்கத்து அறையில் டோரதி அடைக்கப்பட்டிருந்தார். இக்காட்சியை நான் புனைந்துரைக்கவில்லை. கேரியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பக்தர்களே பதிவு செய்தது.

ஆளுநர் பீயும், ஐரோப்பியரும், போர்த்துகீசியரும், திரளான இந்துக்களும் முஸ்லிம்களும் கரையில் நின்றனர். இந்த ஆற்றை நாங்கள் புனிதமாகக் கருதவில்லை, இது வெறும் நீரே என்று கேரி வங்காளியில் விளக்கினார். முதலில் ஃபெலிக்ஸ் இறங்கினார், சொற்கள் ஆங்கிலத்தில். அடுத்துக் கிருஷ்ண பால், சொற்கள் வங்காளியில். ஆளுநரின் கண்கள் கலங்கின. கூட்டம் முழுவதும் அமைதி காத்தது. அன்று மாலை முதன்முறையாக வங்காளி மொழியில் திருவிருந்து நடந்தது.

அந்த அமைதியைத் தெய்வீக அச்சத்தின் அடையாளமாக மிஷன் எழுத்தாளர்கள் விளக்கினர். வார்டின் குறிப்பிலும் கல்லாலும் மண்ணாலும் ஆன தெய்வங்களை நோக்கிய அறைகூவல் உண்டு. எனக்குத் தோன்றும் விளக்கம் எளியது. கங்கையின் கிளையாறு அது. அப்படித்துறையில் நாள்தோறும் மக்கள் மந்திரம் சொல்லி மூழ்கி எழுந்தனர். ஒரு மனிதர் வேட்டியோடு நீரில் இறங்கி, வங்காளியில் சில சொற்கள் சொல்லப்பட, மூழ்கி எழுவதில் வங்காளிக் கண்ணுக்குப் புதுமை என்ன? கேரி அது வெறும் நீர் என்று தனியே அறிவிக்க வேண்டியிருந்ததே அந்தச் சடங்கு எவ்வளவு பழக்கமானதாகத் தோன்றியது என்பதைக் காட்டுகிறது. இரண்டாயிரம் பேரைத் திரட்டியது திங்கட்கிழமைச் சிற்றுணவு. ஞாயிற்றுக்கிழமைக்கு வாக்களித்த காவலுக்கு வேலையே இருக்கவில்லை. எது மதமாற்றம் என்பதில் கேரிக்கும் வார்டுக்கும் ஓர் எண்ணம். செராம்பூர்த் தெருவுக்கு வேறோர் எண்ணம். சபை ஆற்றுப்படியைத் தன் ஓவியங்களில் வரைந்துகொண்டது. தெரு மேசையை நினைவில் வைத்துக்கொண்டது.

வார்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்துக்களின் நூல்கள், சமயம், பழக்கவழக்கங்கள் குறித்து அவர் 1811இல் வெளியிட்ட பெருநூல், தகவல் செறிவுடையதாயினும் இரக்கமற்ற நூல். தாம் அன்றாடம் தோளோடு தோள் உழைத்த மக்களின் நம்பிக்கையைப் பற்றி இத்தனை கடுமையாக எழுத அவரால் எப்படி இயன்றது என்ற கேள்வி எனக்கு நீங்கவில்லை. நாட்குறிப்பில் காணும் வார்ட் வேறு, நூலில் காணும் வார்ட் வேறு என்று சொல்லித் தப்பிக்கவும் மனம் வரவில்லை. இருவரும் ஒருவரே.

1801 பிப்ரவரி 7 அன்று வங்காளிப் புதிய ஏற்பாட்டின் அச்சுப்பணி நிறைவுற்றது. ஜெயமணி ஜனவரியிலும், ராசு பிப்ரவரியிலும், கோகுல் அவ்வாண்டின் பிற்பகுதியிலும் திருமுழுக்குப் பெற்றனர். டோரதி மேலும் ஏழாண்டுகள் அதே நிலையில் வாழ்ந்து, 1807 டிசம்பரில் இறந்தார். அதே ஆண்டில் ஃபெலிக்ஸ் பர்மாவுக்கு மிஷனரியாகப் புறப்பட்டார்.

1803இல் கிருஷ்ண பாலின் இரண்டாம் மகள் ஆனந்தாவுக்குத் திருமணம் நடந்தது. மணமகன் கிருஷ்ணபிரசாத், பிராமணராகப் பிறந்தவர். தச்சரின் வீட்டருகே ஒரு மரத்தடியில் கேரி மணத்தை நடத்திவைத்தார். அன்று மாலை மிஷனரிகள் அனைவரும் கிருஷ்ண பாலின் வீட்டுக்குச் சென்று, அவர் வீட்டில் சமைத்த மண விருந்தை உண்டனர்.